பாத்திரத்தில் மீந்தது

எட்வின்,

நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு வாய் வரவில்லை. "அப்பா, வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம கோவில்ல நான் முதல் தடவையா திருவிருந்து கொடுக்கப் போறேன். அன்னைக்காவது முன்னால வந்து முழங்கால் போடுவீங்களா?" என்று கேட்டாய். "பாப்போம்யா" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன். நீ கோபத்தில் கேட்கவில்லை, கெஞ்சித்தான் கேட்டாய். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த பிறகு நம் கோவிலில் நான் அப்பமும் திராட்சரசமும் வாங்கியதில்லை. பாட்டுப் பாடுகிறேன், பிரசங்கம் கேட்கிறேன், காணிக்கைப் பை வந்தால் போடுகிறேன். சபை ஐயர் "வாருங்கள்" என்று கூப்பிட்டதும் பக்கவாசல் வழியாக வெளியே போய், எல்லாரும் வாங்கி முடிக்கிறவரை மதில் ஓரமாக நிற்கிறேன். ஊர் இதற்குப் பல காரணம் சொல்லிவிட்டது. அங்கே குடித்துக் கெட்டுப்போனான் என்றார்கள். மதம் மாறிவிட்டான் என்றார்கள். உன் அம்மாவே ஒருநாள், "எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, அங்க எவளும் இருந்தாளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. நீ செமினரியில் சேர்ந்தபோது, அப்பாவின் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் பிள்ளை குருப்பட்டத்துக்குப் போகிறான் என்று நம் சபையிலேயே ஒருவர் பேசினார். அது உன் காதுக்கும் வந்திருக்கும். நீ என்னிடம் கேட்டதே இல்லை. உன்னிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், என்னைத் தின்றதும் அதுதான்.

நான் போனது டிரைவர் விசாவில். கனரக லாரி லைசென்ஸ் இருந்தது, டேங்கர் ஓட்ட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நம் வீட்டில் எல்லாரும் தண்ணீர் டேங்கர் என்று நினைத்துக்கொண்டீர்கள். பாலைவனத்தில் அப்பா எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்று நீ பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினாயாம். அம்மா போனில் வாசித்துக் காட்டினாள். நான் மாற்றிச் சொல்லவில்லை. எட்வின், நான் ஓட்டியது கக்கூஸ் டேங்கர். அந்த வருஷங்களில் அங்கே வீடுகள் முளைத்த வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை போடவில்லை. வில்லா வில்லாவாகக் கட்டுவார்கள், தொழிலாளிகளுக்குக் கேம்ப் கேம்பாகக் கட்டுவார்கள், எல்லாவற்றுக்கும் மண்ணுக்கடியில் தொட்டி. தொட்டி நிரம்பினால் நாங்கள் போய்க் குழாயை இறக்கி உறிஞ்சி எடுத்து, ஊருக்கு வெளியே இருக்கும் கழிவுநீர் நிலையத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அங்கே வரிசை நிற்கும் பார், கண்ணுக்கு எட்டிய தூரம் டேங்கர்தான். விடியற்காலை போனவன் சாயங்காலம்தான் இறக்குவான். டீசல் வீணாகும் என்று என்ஜினை அணைத்துவிட வேண்டும். என்ஜின் இல்லையென்றால் ஏசி இல்லை. ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் வேக்காடு. நாங்கள் திறந்தே வைத்திருப்போம். நாற்றம் ஒருவாரத்தில் பழகிவிடும். நமக்குப் பழகிவிடும், மற்றவர்களுக்குப் பழகாது.

அங்கே ஞாயிற்றுக்கிழமை டூட்டி நாள். வெள்ளிக்கிழமைதான் லீவு, அதனால் வெள்ளிக்கிழமைதான் கர்த்தருடைய நாள். பிள்ளைகள் "ஃப்ரைடே சண்டே ஸ்கூல்" என்று சொல்லும்போது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. எந்த நகரத்துச் சபை என்று எழுதமாட்டேன். அன்றைக்கு இருந்தவர்கள் இன்று அங்கே இல்லை, இருப்பவர்களுக்கு இது தெரியாது. ஆட்சியாளர் கொடுத்த நிலத்தில் ஒரே மதிலுக்குள் எல்லாச் சபைகளும். பெரிய கோவிலில் வெள்ளைக்காரர்கள், எங்களுக்கு மாடி ஹால். எங்களுக்கு முன்னால் மலையாளிகள், எங்களுக்குப் பின்னால் பிலிப்பைன்ஸ்காரர்கள். நாங்கள் கடைசிப் பாட்டு பாடும்போதே படியில் அவர்கள் கிட்டாரோடு நிற்பார்கள். அந்தச் சபையில் கிழவர்களே கிடையாது. வயதானால் விசா கிடையாது, ஊருக்குப் போய்விட வேண்டியதுதான். எல்லாரும் வேலை செய்கிற வயது, எல்லாரும் நல்ல சட்டை, எல்லாரும் அவசரம்.

வியாழக்கிழமை டூட்டி முடிந்ததும் நான் குளிக்கிற குளியலைப் பார்த்து ரூமில் சிரிப்பார்கள். எலுமிச்சம்பழத்தை வெட்டித் தலையிலும் நகக்கண்ணிலும் தேய்ப்பேன். வெள்ளிக்கிழமை காலையில் திரும்பவும் ஒரு குளியல். வெள்ளைச் சட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் வைத்திருப்பேன். கடைத்தெருவில் ஒரு தையற்கடையில் தைத்தது அது. பிறகு அத்தர். சபை வேன் கேம்ப் வாசலுக்கு வரும். கேம்பிலிருந்து நாங்கள் சிலபேர் ஏறுவோம், அதில் செல்லையா அண்ணனும் நானும்தான் டேங்கர். செல்லையா அண்ணன் நாசரேத் பக்கத்து ஆள், எனக்கு மூத்தவர், குறைவாகப் பேசுவார். அவர்தான் என்னைப் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார். "இவன் தொண்டை கிணத்துக்குள்ள இருந்து வாரது மாதிரி இருக்கும், பேஸ் பாடட்டும்" என்றார். நான் பாடினேன். யாராவது என்ன வேலை என்று கேட்டால் "டிரைவர்" என்பேன். பொய்யில்லை.

மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை திருவிருந்து. உனக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் எனக்கு அது என்னவாக இருந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இடதுபக்கம் ஒரு வங்கி மேனேஜர், வலதுபக்கம் ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ், நடுவில் நான். பீடத்துக்கு முன்னால் கிராதி இல்லாத ஹால் அது. தரையில் ஒரு நீளமான மெத்தை விரித்திருப்பார்கள், அதில் முழங்கால் போடுவோம். வெள்ளிப் பாத்திரம் ஒன்று, எல்லாருக்கும் அதே பாத்திரம். மேனேஜர் குடித்த இடத்தில் நான் குடிப்பேன், நான் குடித்த இடத்தில் நர்ஸ் குடிப்பாள். மற்ற நாளெல்லாம் என் வண்டியைப் பார்த்தால் மனிதர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டின் மறுபக்கம் போவார்கள். அந்த ஒரு விளிம்பில் மட்டும் எனக்கு ஒரு இடம் இருந்தது. அதை வைத்துத்தான் மாதம் முழுவதையும் தள்ளினேன்.

எங்கள் சபைச் செக்ரட்டரி பெயர் துரைசிங் சார். ஒரு கட்டடக் கம்பெனியில் பெரிய என்ஜினியர். கெட்ட மனுஷன் என்று நினைத்துவிடாதே, கடைசிவரை வாசி. அவர் அப்போதுதான் ஊருக்கு வெளியே ஒரு புது வில்லாவுக்குக் குடிபோயிருந்தார். அந்த வீட்டில் ஒரு சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குத்தான் வீட்டு ஜெபம், கேம்ப் ஆட்கள் வேலைநாளில் எங்கே போவது. ஃபோர்மேன் போன் பண்ணி, "தொட்டி பொங்கி வெளியே வருதாம், யல்லா, ஜல்தி போ" என்று ஒரு வில்லா எண்ணைச் சொன்னான். போனேன். புல்தரையெல்லாம் கறுப்பாக நின்றது. பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொண்டு மூடியைத் திறந்து குழாயை இறக்கி மோட்டாரைப் போட்டேன். வெளியே பொங்கி நின்றதை வாளியில் அள்ளித் தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தேன். முகத்திலும் தெறித்திருந்தது. அந்த நேரத்தில் கார்கள் வந்து நிற்கின்றன. பட்டுப்புடவையும் வேதப்புத்தகமுமாக இறங்குகிறார்கள். எல்லாரும் எனக்குத் தெரிந்த முகம்.

நான் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்தேன். அப்போது வாசலிலிருந்து ஒரு சின்னக்குரல், "மம்மி! க்வயர் அங்கிள்! நம்ம க்வயர் அங்கிள்!" துரைசிங் சாரின் மகள். பாவம், என்னைப் பார்த்த சந்தோஷத்தில் ஓடிவரப் பார்த்தது. அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் பிள்ளை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அந்த அம்மாவும் என்னைப் பார்த்துவிட்டாள். "ஸ்தோத்திரம்" என்றாள், வாயைப் புடவைத் தலைப்பால் மூடியபடி. நானும் "ஸ்தோத்திரம்க்கா" என்றேன். அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். நான் தொட்டியைக் காலி பண்ணிக்கொண்டிருக்கும்போது உள்ளே பாட்டு கேட்டது. நான் பேஸ் பாடுகிற பாட்டு. மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்கிறதா என்று நின்று கேட்டேன். ஜெபம் முடிவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கிறவன் பாட்டுப் புத்தகத்தை என்னோடு பங்குபோட்டுக்கொள்வான். அன்றைக்கு என் கையிலேயே கொடுத்துவிட்டு, "எனக்கு மனப்பாடம் பிரதர்" என்றான். அவனுக்கு ஒரு பாட்டும் மனப்பாடம் கிடையாது. ஆராதனை முடிந்ததும் துரைசிங் சார் என்னையும் செல்லையா அண்ணனையும் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார். அவருக்கு வியர்த்தது.

"தப்பா எடுத்துக்கக் கூடாது பிரதர். கமிட்டியில பேசினோம். அடுத்த திருவிருந்திலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் கடைசி டேபிளா, எல்லாரும் வாங்கின பிறகு வந்துட்டா நல்லாருக்கும். லேடீஸ் கொஞ்சம்... சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. ஹைஜீன்தான், வேற ஒண்ணும் மனசுல வச்சு இல்லை."

செல்லையா அண்ணன்தான், "சரி சார். கடைசியா வாரோம்" என்றார். வேனில் ஏறின பிறகு நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன அண்ணே சரிங்கீக? நாம என்ன குஷ்டரோகியா?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "கொடுக்கமாட்டேன்னா சொன்னாவ? கடைசியாத் தாரேன்னுதான சொல்லுதாவ. வாங்கிக்கிடுவோம் தம்பி. நாம வாங்க வந்தது அவங்க கையில இருந்து இல்ல" என்றார். ஊரில் எங்கள் தெருவில் எத்தனையோ பேர் இதே மாதிரி பேசிப் பேசித்தான் கோவிலில் பின்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதை உன் தாத்தா காலத்தோடு விட்டுவிட்டோம் என்று நினைத்திருந்தேன். கடல் தாண்டிப் போன இடத்தில் அது எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தது.

மறுமாதம் திருவிருந்துக்கு எல்லாரும் போய் வந்த பிறகு நாங்கள் இருவரும் போனோம். அவ்வளவு நீள மெத்தையில் இரண்டே பேர். ஐயர் அப்பம் கொடுத்தார், பாத்திரம் கொடுத்தார். அவர் கை நடுங்கியது. அந்த ஐயர் சின்ன வயது, அப்போதுதான் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. கேம்புக்கு வந்து எங்கள் கட்டிலில் உட்கார்ந்து எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கமிட்டி கையெழுத்துப் போடாவிட்டால் அவருக்கும் விசா இல்லை. மிச்சமிருக்கும் ரசத்தை ஐயர் குடித்துத் தீர்க்க வேண்டும், மீதி வைக்கக்கூடாது என்பது உனக்குச் செமினரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எங்கள் ஐயர் எப்போதும் பீடத்தின் பக்கம் திரும்பிக் குடிப்பார், தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிப்பார். நான் பாடகர் குழுவிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் பாத்திரத்தின்மேல் வெள்ளைத் துணியைப் போட்டு மூடி அப்படியே வைத்துவிட்டார்.

நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிலிப்பைன்ஸ்காரர்கள் வருகிறார்கள், அவசரம் என்று நினைத்தேன். கை கழுவலாம் என்று ஹாலுக்குப் பின்னால் இறங்கினேன். அங்கே ஒரு வேப்பமரம் நின்றது, எவனோ ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்தது. ஐயர் அங்கியோடு அந்த மரத்தடியில் குனிந்து நின்றார். பாத்திரத்தைச் சாய்த்தார். ரசம் மண்ணில் விழுந்து சிவப்பாக நின்று, அப்புறம் இறங்கியது. அவர் நிமிர்ந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் போய் வேனில் உட்கார்ந்தேன்.

எட்வின், கமிட்டிக்காரர்கள் என்னைக் கடைசியில் நிறுத்தியதை நான் தாங்கிக்கொண்டேன். அவர்கள் மனிதர்கள், பிள்ளை பெற்றவர்கள், பயந்தார்கள். ஆனால் நான் வாய் வைத்த பிறகு அந்த ரசம் ஒரு மனிதன் குடிக்க முடியாததாகிவிட்டது. அப்படியென்றால் நான் குடித்தது என்ன? எனக்குக் கொடுக்கிற வரைக்கும் அது இயேசுவின் இரத்தம், நான் தொட்ட பிறகு அது கழிவா? மற்ற நாளெல்லாம் நான் செய்கிற வேலையும் அதுதானே, கழிவைக் கொண்டுபோய்க் கொட்டுவது. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க டேங்கர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வேன் வந்தபோது படுத்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரமும். மரத்தடியில் நான் கண்டதைச் செல்லையா அண்ணனிடம் சொல்லவில்லை. அவராவது நிம்மதியாகப் போய் வரட்டும் என்று விட்டுவிட்டேன். "வாயேம்ல" என்று சில வாரம் கூப்பிட்டார், பிறகு விட்டுவிட்டார். அவர் மட்டும் நிறுத்தவில்லை. கொஞ்சநாள் கழித்து ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் வந்துவிட்டது என்று வந்து சொன்னார். பிறகு அந்தப் பன்றிக்காய்ச்சல் பயம் வந்ததும் எல்லாச் சபையிலும் பொதுப் பாத்திரத்தை நிறுத்தினார்கள். அதோடு எங்கள் சபை செய்தது எதற்காக என்று யாரும் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

செல்லையா அண்ணன் செத்தது அந்த வருஷக் கோடையில். கழிவுநீர் நிலையத்து வரிசையில் அவர் வண்டி எனக்கு முன்னால் நின்றது. வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை. பின்னாலிருந்து பாகிஸ்தான் பட்டாணி டிரைவர்கள் கத்தினார்கள். அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து நானும் ஹாரன் அடித்தேன். நீளமாக அடித்தேன். சிலபேர் அவரைத் திட்டிக்கொண்டே சுற்றிப்போய் முன்னால் சேர்ந்துகொண்டார்கள். நான் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருந்தார். உடம்பு சுட்டது, அந்தச் சூடு அவருடையதா வெயிலுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு நான் கடைசியாகச் செய்தது ஹாரன் அடித்தது.

உடலை ஊருக்கு அனுப்ப அலைந்தது யார் தெரியுமா? துரைசிங் சார்தான். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, தூதரகம் என்று வெயிலில் ஓடினார். கம்பெனிக்காரனிடம் சண்டை போட்டார். உடலைப் பதப்படுத்தும் இடத்தில் சபை மொத்தமும் வந்து நின்றது. துரைசிங் சார் வீட்டு அம்மாவும் வந்திருந்தாள், பெட்டியின்மேல் கை வைத்து அழுதாள். பொய் அழுகை இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துரைசிங் சார், "நம்ம சபைக்கு ஒரு தூணா இருந்தவர்" என்று சொல்லும்போது குரல் உடைந்து நிறுத்திவிட்டார். என்னால் அவரை வெறுக்கவும் முடியவில்லை, அவர் கையைப் பிடிக்கவும் முடியவில்லை.

ஜெபம் முடிந்ததும் ஐயர் என்னைத் தன் காரில் கேம்புக்குக் கூட்டிவந்தார். பாதிவழியில் வண்டியை ஓரம் கட்டினார்.

"அன்னைக்கு மரத்தடியில நீங்க என்னைப் பாத்தீங்க" என்றார்.

"பாத்தேன் ஐயரே."

"எனக்குப் பயமா இருந்துச்சு. வீட்டுல கைக்குழந்தை. ஒண்ணும் வராதுன்னு புத்திக்குத் தெரியுது, வாய்கிட்ட கொண்டுபோனா கை நின்னுபோச்சு. நீங்க வராம நின்னது என்னாலதான்னு தெரியும். வந்து பேசத் தைரியம் இல்லை."

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "குடிச்சிருக்கலாமே ஐயரே" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் அழுதார். பிறகு சொன்னார்: "செல்லையா அண்ணனும் பாத்திருக்காரு. நீங்க நின்னதுக்கு அடுத்த மாசம், ஆராதனை முடிஞ்சு நான் பாத்திரத்தை எடுத்துட்டு இறங்கறேன், அவர் மரத்துகிட்ட முன்னாலயே வந்து நிக்கிறாரு. 'மண்ணுல ஊத்தாதீங்க ஐயரே, எங்கிட்ட தாங்க, நான் குடிச்சிருதேன்' அப்படின்னாரு. சின்னக் கிளாஸ் வர்ற வரைக்கும் ஒவ்வொரு திருவிருந்துக்கும் அவர்தான் மிச்சத்தைக் குடிச்சாரு. என் முகத்தைப் பாக்காம வாங்கிக் குடிச்சிட்டு, பாத்திரத்தைத் துடைச்சு என் கையில கொடுப்பாரு. ஒருநாளும் ஒரு வார்த்தை என்னைக் கேக்கலை."

கேம்ப் வாசலில் இறங்கினேன். ஐயர் என் பதிலுக்குக் காத்திருந்தார். மன்னித்தேன் என்று சொல்லியிருந்தால் அவருக்குப் பாரம் இறங்கியிருக்கும். எனக்கு அது வரவில்லை. "போயிட்டு வாங்க, பிள்ளை தேடும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அடுத்த வருஷம் அவர் ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

செல்லையா அண்ணன் செய்ததைப் பற்றி நான் யோசிக்காத நாள் இல்லை. இதை வைத்து நீ ஒரு பிரசங்கம் செய்யலாம், தயவுசெய்து செய்யாதே. அவர் பெரியவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் குனிந்து குனிந்து எல்லாருடைய வெட்கத்தையும் குடித்துத் தீர்த்ததால்தான் அந்தச் சபைக்குத் தான் என்ன செய்தோம் என்றே தெரியாமல் போய்விட்டது என்றும் எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் உண்மை. நான் செல்லையா இல்லை. என்னால் அப்படிக் குனிய முடியவில்லை.

ஊருக்கு வந்த புதிதில் ஒருமுறை முயற்சி பண்ணினேன். அன்றைக்கு நீ விடுதியில் இருந்தாய். நம் கோவிலில் எல்லாரோடும் போய் முழங்கால் போட்டேன். பழைய ஐயர் ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டு விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். எல்லாருக்கும்தான் துடைத்தார், காலங்காலமாக அப்படித்தான். எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் துணியை விளிம்பில் வைத்தபோது என்னால் அங்கே இருக்க முடியவில்லை. பாத்திரம் என்னிடம் வருவதற்கு முன்னால் எழுந்து வெளியே போய்விட்டேன். ஊர்ப் பேச்சு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. உன் அம்மாவிடம் இதைச் சொல்லாமல் வைத்திருந்தது, தண்ணீர் டேங்கர் என்ற பேச்சை நான் முதல்நாளே திருத்தாததால்தான். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. இந்தக் கடிதத்தை நீ வாசித்த பிறகு அவளிடம் கொடு. என் முன்னால் வாசிக்க வேண்டாம் என்று சொல்.

இனி நீ கொடுக்கிற இடத்தில் நிற்கப் போகிறாய். நீயும் ஒரு கமிட்டிக்குக் கீழேதான் இருப்பாய். வீடும் மாற்றலும் அவர்கள் கையில் இருக்கும். உனக்கும் நாளைக்குக் கைக்குழந்தை இருக்கும். உன் கையும் நடுங்கும் ஒருநாள், யார் முன்னால் என்று உனக்கே அப்போதுதான் தெரியும். அதற்காக வெட்கப்படாதே, கை நடுங்குவது நம் வசத்தில் இல்லை. ஆனால் யார் வாய் வைத்திருந்தாலும் மீந்ததை நீயே குடி. கண்ணை மூடிக்கொண்டாவது குடி. முடியவில்லையென்றால், கொட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்காதே. அந்த ஆள் செத்த பிறகு அவன் கூட்டாளியிடம் போய்ச் சொல்லி அழாதே. அன்றைக்கே, அந்த ஆளிடமே போய், என்னால் முடியவில்லை என்று சொல். அவன் உன்னை அடித்தால் வாங்கிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோவிலுக்கு வருவேன். அது நிச்சயம். முன்னால் வருவேனா என்று எனக்குத் தெரியாது, அதை இப்போதே சொன்னால் பொய்யாகிவிடும். நீ பாத்திரத்தோடு நிற்கும்போது என்னைக் கண்ணால் தேடாதே, மற்றவர்களுக்குக் கொடுக்கிற வேலையைக் கவனி. நான் எழுந்து வந்தால், வருகிறவர்களில் ஒருவனாக நினைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போ. வராவிட்டால், அன்றைய ஜெபத்தில் என் பெயரைச் சொல்லாதே.

அப்பா